நான்கு டன் கதவும் நாற்பது விநாடியும்

எனக்குப் பிரச்சினை கதவுதான். விண்கலம் எவ்வளவு வேகத்தில் வேண்டுமானாலும் போகட்டும், எந்த நட்சத்திரத்தில் வேண்டுமானாலும் இறங்கட்டும், நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஆனால் அந்தக் கதவை ஒரு ஆள் ஒற்றைக் கையால் இழுத்துத் திறந்தார் என்று காட்டினால் எனக்கு எரிச்சல் தலைக்கேறிவிடும்.

எங்கள் லேபில் இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகள் வாட்ஸ்அப் குழுவில் விடாமல் கேட்கிறார்கள். "பிலோமினா மேடம், அந்த ஸ்பேஸ் சீரியல்ல கடைசியில உங்க பேரு ஓடுதே, நீங்க அதுல என்ன பண்ணீங்க?" என்ன பண்ணினேன்? சண்டை போட்டேன். 'தொழில்நுட்ப ஆலோசகர்' என்று என் பெயர் ஒரு விநாடி வந்து மறைகிறது. அதைப் படிப்பதற்குள் அடுத்த பாகம் வேண்டுமா என்று போன் கேட்கிறது. நம் லேபின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதச் சொல்லி நீங்களே கேட்டதால் முழுக் கதையையும் எழுதுகிறேன். மலரைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள் இதை நறுக்கிச் சிறியதாக்க வேண்டாம்.

குடும்பத்தார் யாராவது இதைப் படித்தால் புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்லிவிடுகிறேன். பொம்மசந்திராவில், விமானங்களுக்குப் போகிற மின்னணுப் பெட்டிகளைச் சோதித்துக் கொடுக்கும் கம்பெனியில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். என் வேலை சேம்பரில். சேம்பர் என்றால் ஒரு சின்ன படுக்கையறை அளவுக்கு இரும்பு அறை. சோதிக்க வேண்டிய பெட்டியை உள்ளே ரேக்கில் வைத்து, கதவை மூடி, பம்பைப் போட்டுக் காற்றை வெளியே இழுத்தால், பத்தாயிரம் அடி உயரத்திலோ நாற்பதாயிரம் அடி உயரத்திலோ காற்று எவ்வளவு லேசாக இருக்குமோ அவ்வளவு லேசாக ஆகிவிடும். அந்த உயரத்தில் பெட்டி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று வெளியே இருந்து பார்ப்போம்.

டிப்ளமா முடித்துச் சேர்ந்த முதல் மூன்று வருடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மீட்டரைப் பார், எழுது, கையெழுத்துப் போடு. மறுபடி மீட்டரைப் பார். அவ்வளவுதான் பயிற்சி. லிங்கராஜபுரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் போக ஒன்றரை மணி நேரம், வர இரண்டு மணி நேரம். நான் படித்ததில் பாதி அந்த பஸ்ஸில்தான்.

எனக்கு வேலை கற்றுத்தந்தவர் சேஷாத்ரி சார். மல்லேஸ்வரத்துக்காரர். குரலை உயர்த்தாத மனிதர். காலையில் வீட்டிலிருந்து ஃபிளாஸ்கில் காபி கொண்டுவருவார். ஆனால் சேம்பர் ஓடிக்கொண்டிருக்கும்போது அதைத் திறக்கவே மாட்டார். சோதனை முடிந்து, காற்று முழுக்க உள்ளே திரும்பி, கதவு திறந்த பிறகுதான் காபி, எனக்கும் ஒரு டம்ளர். அது எத்தனை மணியானாலும் சரி. அவருக்குப் பிடிக்காத சொற்கள் சில இருந்தன. நான் ஒரு நாள், "சார், பிரஷர் ஓகே" என்றேன்.

"ஓகேங்கிறது எத்தனைம்மா?" என்று கேட்டார்.

"சார்?"

"மீட்டர்ல ஓகேன்னு ஒரு கோடு போட்டிருக்கா? நம்பர் சொல்லு."

அவருடைய விதிகள் இரண்டு. யார் சேம்பருக்குள் போனாலும், வெளியே வந்து, சேம்பரை இயக்கும் மேசையான கன்சோல் முன்னால் நின்று முகத்தைக் காட்ட வேண்டும். முகத்தைப் பார்த்த பிறகுதான் கன்சோலில் இருக்கிற, கதவை மூடும் நெம்புகோலில் கை வைக்கலாம். இரண்டாவது, எந்தச் சோதனையானாலும் பத்தாயிரம் அடியில் ஐந்து நிமிடம் நிறுத்த வேண்டும். நிறுத்திவிட்டு, எழுந்து நடந்து போய், கதவில் இருக்கிற கண்ணாடி வழியே கண்ணால் பார்க்க வேண்டும். மீட்டர் எல்லாம் ஒழுங்காகத்தானே இருக்கிறது, எதற்கு எழுந்து போக வேண்டும் என்று நான் பல நாள் முணுமுணுத்திருக்கிறேன்.

இப்போது சீரியலுக்கு வருகிறேன். ஒரு பழைய தமிழ்த் தொடர்கதையை, அந்தக் காலத்து விண்வெளிக் கதை, தமிழிலும் கன்னடத்திலும் ஒரே நேரத்தில் எடுக்கிறார்கள் என்று எங்கள் சர்ச்சில் பாடும் ஒரு பெண் சொன்னாள். அவள் அங்கே உடைகள் பார்த்துக்கொள்கிறாள். சேம்பரில் வேலை பார்த்த ஆள் ஒருவர் வேண்டுமாம். போனேன். ஆட்டோ பிடித்து, மெட்ரோவில் இரண்டு தடவை மாறி இறங்கினால், விண்கலம் நின்ற இடம் எங்கே தெரியுமா? பொம்மசந்திராவில் மூடிப்போன ஒரு ஃபாக்டரி ஷெட். நம் லேபிலிருந்து கூப்பிடு தூரம்.

இயக்குநர் பிரதீக் என்ற பையன். நல்ல பையன்தான், அதில் குறை சொல்ல முடியாது. கதையைத் திரைக்கு மாற்றி எழுதியவள் யாமினி. இருவருக்கும் முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். முதல் மூன்று கூட்டம் முழுக்க ஒரே பேச்சு. கதையில் 'தூரமடிப்பான்' என்று ஒரு எந்திரம் வருகிறது. துணியை மடிப்பதுபோல வானத்தை மடித்து, கலத்தை அந்தப் பக்கம் தள்ளிவிடும். அது சாத்தியமா, அதற்குள் என்ன எரிகிறது, நீல வெளிச்சமா ஊதா வெளிச்சமா என்று மூன்று நாள் பேசினார்கள்.

"மேடம், ரசிகர்கள் இதை நம்புவாங்களா?" என்று பிரதீக் என்னைக் கேட்டான்.

"தாராளமா நம்புவாங்க. அது அந்த எழுத்தாளர் சொல்ல வந்த பொய். அதைக் கேக்கத்தான் வந்திருக்காங்க. அதை விட்டுட்டு இந்த ஹெல்மெட்டைப் பாருங்க."

"ஏனு மேடம், ஹெல்மெட்டுக்கு என்ன?"

"உள்ள முகத்துக்கு நேரா லைட் போட்டிருக்கீங்க. இருட்டுல நடக்கிறவன் கண்ணுக்கு வெளிச்சத்தை அடிச்சா அவனுக்கு என்ன தெரியும்? சுவத்துல முட்டிப்பான்."

"ஹீரோ முகம் தெரியணும் மேடம்."

இப்படித்தான் போயிற்று. அந்தக் கலத்தில் நாற்பது பேர் ஒன்பது வருடம் பயணம் செய்கிறார்கள். ஒரு ஸ்பேனர் கிடையாது. ஒரு இன்சுலேஷன் டேப் கிடையாது. எந்த சுவிட்சுக்கும் பெயர் ஒட்டவில்லை. நம் லேபில் ஒவ்வொரு சுவிட்சுக்கும் கீழே பெயர் இருக்கும், அதற்குக் கீழே யாரோ மார்க்கரில் கன்னடத்தில் 'முட்டபேடா' என்று, தொடாதே என்று, எழுதியிருப்பார்கள். அதுதான் மனிதர்கள் வேலை செய்த இடம். இவர்கள் கலத்தில் ஒருவரும் ஒரு எண்ணைக்கூடச் சொல்வதில்லை. "பவர் குறையுது!" என்று கத்துகிறார்கள். எத்தனையிலிருந்து எத்தனைக்கு? யாரும் கேட்பதில்லை. எனக்கு ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். காட்சி எண், பக்கத்தில் 'நம்பும்படி இருக்கிறது', 'இல்லை' என்று இரண்டு கட்டம். நான் போட்ட 'இல்லை' குறிகளைப் பார்த்து யாமினி, தங்கள் பாவமெல்லாம் இதில்தான் இருக்கிறது என்று, அந்தப் படிவத்துக்கே பாவ மன்னிப்புச் சீட்டு என்று பெயர் வைத்துவிட்டாள்.

கடைசியில் கதவுக்கு வந்தோம். ஏழாவது பாகம். கலத்திலிருந்து வெளியே போக இரண்டு கதவுள்ள ஒரு சிறிய அறை இருக்கிறது. ஒரு மெக்கானிக் உள்ளே இருப்பது தெரியாமல் கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் பெண் காற்றை இறக்கத் தொடங்கிவிடுகிறாள். தெரிந்ததும் சிவப்புப் பொத்தானை ஓங்கி அடிக்கிறாள். கதவு சட்டென்று திறக்கிறது. மெக்கானிக் அவள் கைகளில் வந்து விழுகிறார். இசை. மொத்தம் இரண்டு விநாடி.

"இது நடக்காது" என்றேன்.

"ஏன் மேடம்?"

"கதவு என்ன சைஸ்?"

பிரதீக் கலை இயக்குநரைக் கேட்டு வந்து சொன்னான். நம் சேம்பர் கதவின் அளவேதான். "பத்தாயிரம் அடி உயரத்துக் காற்று உள்ள இருந்தாலே, வெளியிலிருக்கிற காற்று அந்தக் கதவை நாலு டன் எடையா அழுத்திட்டிருக்கும். நாலு டன். ஒரு லோடு லாரியைக் கதவுல சாய்ச்சு வெச்ச மாதிரி. உள்ள காற்று திரும்புற வரைக்கும் உன் ஹீரோ இல்ல, அவங்க அப்பன் வந்தாலும் திறக்க முடியாது. காற்றையும் சடார்னு விடக் கூடாது. மெதுவா விடணும். பத்து நிமிஷம்."

"பத்து நிமிஷம் கதவைக் காட்டினா எல்லாரும் தூங்கிடுவாங்க மேடம்."

"மூலக்கதையில நாலு பக்கம் இருக்கே. அவ வால்வைக் கால் திருப்பு திருப்பிட்டு நிக்கிறா, உள்ள இருக்கிறவனைப் பாத்து, காது அடைக்காம இருக்க எச்சில் முழுங்குன்னு சைகை காட்டுறா, மறுபடி கால் திருப்பு. நான் அதைப் படிச்சு எழுதின ஆளைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அதை எடுத்துட்டு இந்தப் பொத்தானை வெக்கிறீங்களே!"

"ஆடியன்ஸுக்கு அவசரம் தெரியணும், அல்வா? இல்லையா மேடம்?"

காய்கறிக் கடை மாதிரி பேரம் பேசினோம். நான் நான்கு நிமிடம் என்றேன். அவன் பத்து விநாடி என்றான். நாற்பது விநாடியில் முடிந்தது. நான் ஏன் அவ்வளவு கத்தினேன் என்று பிரதீக்குக்குத் தெரியாது. இத்தனை வருடம் இங்கே வேலை பார்க்கும் உங்களுக்கும் தெரியாது. அதைத்தான் எழுத வந்தேன்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், சேம்பரின் முழுப் பொறுப்பையும் முதல் முறையாக என்னிடம் கொடுத்தார்கள். சேஷாத்ரி சார் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று ஒழுங்காக ஓட்டினால் பதவி உயர்வு உறுதி. அதுவரை எந்தப் பெண்ணும் அந்த இடத்துக்கு வந்ததில்லை. பெட்டியை அனுப்பிய கம்பெனியின் அதிகாரி ஒருவர் என் தோளுக்குப் பின்னால் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தார். உள்ளே, ரேக்குக்குப் பின்புறம் மண்டிபோட்டு உட்கார்ந்து கேபிள் கட்டிக்கொண்டிருந்தவர் மஞ்சுநாத். ஆனேக்கல் பக்கத்துக்காரர், கான்ட்ராக்டில் இருந்தார். அடுத்த பட்டியலில் நிரந்தரம் ஆகிவிடுவார் என்று பேச்சு. அன்று அவருக்கு நல்ல சளி.

நான் மைக்கில் கேட்டேன், "மஞ்சு, ஆச்சா? வெளிய வா, கதவை மூடணும்."

ஸ்பீக்கரில் பதில் வந்தது. "ஆய்த்து மேடம்."

வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டும். கன்னடத்தில் 'ஆய்த்து' என்றால் 'முடிந்தது' என்றும் பொருள். 'சரி, அப்படியே செய்கிறேன்' என்றும் பொருள். கடைக்காரரிடம் நாளைக்குக் கொண்டு வாருங்கள் என்றால் அவர் 'ஆய்த்து' என்பார். இன்னும் கொண்டுவந்துவிடவில்லை, கொண்டுவருவார். நம் தமிழ் 'ஆச்சு'க்கு ஒரே அர்த்தம்தான். நான் ஒரே மூச்சில் இரண்டைக் கேட்டிருக்கிறேன், வேலை முடிந்ததா என்றும், வெளியே வா என்றும். அவர் இரண்டாவதுக்குப் பதில் சொன்னார், சரி வருகிறேன் என்று. நான் முதலாவதுக்கு எடுத்துக்கொண்டேன், முடிந்துவிட்டது என்று. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டென்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்.

முகத்துக்காகக் காத்திருக்க வேண்டும். கொஞ்சம் காத்திருந்தேன். அதிகாரி மறுபடி உச்சுக்கொட்டினார். நான் நெம்புகோலை இழுத்தேன். கன்சோலிலிருந்து பார்த்தால் கதவின் ஓரம் மட்டும்தான் தெரியும், உள்ளே தெரியாது. கதவு மூடி, பச்சை விளக்கு எரிந்தது. பம்பைப் போட்டேன். பம்ப் போட்டதும் ஸ்பீக்கரை அணைப்பது வழக்கம், இல்லாவிட்டால் இரைச்சல் தாங்காது. அவர் கத்தியிருக்கிறார், கதவைத் தட்டியிருக்கிறார். ஒன்றும் கேட்கவில்லை.

பத்தாயிரம் அடியில் நிறுத்தினேன். எழுந்து போய்க் கண்ணாடியில் பார்த்தேன். மறுபக்கம் மஞ்சுநாத்தின் உள்ளங்கை கண்ணாடியில் ஒட்டியிருந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பத்தாயிரம் அடி என்பது ஒருவரும் சாகிற உயரம் இல்லை. அந்த உயரத்தில் ஊர்கள் இருக்கின்றன, ஜனங்கள் கல்யாணம் செய்து குழந்தை பெற்று வாழ்கிறார்கள். அவர் அங்கே சாயங்காலம் வரை நின்றிருந்தாலும் தலைவலியோடு போயிருக்கும். செய்ய வேண்டியது ஒன்றுதான். பம்பை நிறுத்தி, கைவால்வைக் கால் திருப்பு திருப்பி, பத்து நிமிடத்தில் மெதுவாகக் காற்றை விட வேண்டும். கன்சோலில் அந்த வால்வு இருந்தது. அதற்குப் பக்கத்தில் சிவப்புப் பொத்தானும் இருந்தது. அதை அழுத்தினால் பெரிய வால்வு முழுசாகத் திறந்து காற்று ஒரேயடியாக உள்ளே பாயும்.

"மெல்ல! மெல்ல திற!" என்று சேஷாத்ரி சார் கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அதற்குள் நான் பொத்தானை அடித்துவிட்டேன். அடித்துவிட்டு ஓடிப்போய்க் கதவின் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினேன். அந்த அதிகாரியும் சேர்ந்து இழுத்தார். கதவு அசையவில்லை. காற்று சமமானதும் தானாக வந்தது. மஞ்சுநாத் இடது காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார். விரல் இடுக்கில் ரத்தம். சளி அடைத்த காது அவ்வளவு வேகமாக ஏறும் அழுத்தத்தைத் தாங்கவில்லை. காற்று குறைந்தது அவரை ஒன்றும் செய்யவில்லை. நான் காப்பாற்றியதுதான் அவர் காதை எடுத்தது. இடது காது அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

விசாரணைக்கு மூன்று பேர் உட்கார்ந்தார்கள். பேசுவதை எழுதிக்கொண்டவர் சேஷாத்ரி சார். மஞ்சுநாத்தைக் கேட்டார்கள், நீ 'ஆய்த்து' என்று சொன்னாயா? "சொன்னேன் சார், ஆனா பர்தீனின்னு, வரேன்னுதான் சொன்னேன்" என்றார். ஆங்கிலத்தில் எழுதும்போது, 'வேலை முடிந்தது என்று சொன்னதாக ஒப்புக்கொண்டார்' என்று ஒரு வரியில் முடிந்துவிட்டது. பிறகு என்னைக் கேட்டார்கள், கதவை மூடும் முன் முகத்தைப் பார்த்தீர்களா?

நான், "வெளியே வந்த மாதிரி ஒரு நிழல் பார்த்தேன் சார்" என்றேன்.

எந்த நிழலும் இல்லை. நான் யாரையும் பார்க்கவில்லை. அன்று என் பின்னால் உட்கார்ந்திருந்த சேஷாத்ரி சாரின் பேனா நின்றது. நான் சொன்னதைச் சொன்னபடி எழுதுவதுதான் அன்றைக்கு அவர் வேலை. பிறகு எழுதினார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

உள்ளே இருந்தவர் தவறான பதில் கொடுத்தார் என்று அறிக்கை முடிந்தது. மஞ்சுநாத்தின் கான்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. துரிதமாகச் செயல்பட்டு ஓர் உயிரைக் காப்பாற்றியதற்காக எனக்கு ஒரு பாராட்டுக் கடிதம் கொடுத்தார்கள். பொத்தானை அடித்ததற்கு! மூன்று மாதத்தில் பதவி உயர்வும் வந்தது. சேஷாத்ரி சார் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு புதிய விதித் தாளை எழுதிக்கொண்டு வந்து, "இதை நீயே டைப் அடிச்சுடும்மா" என்றார். பதினான்கு வரி. ஒரு வாக்கியத்தில் ஒரு கேள்விதான். பதில் எண்ணாகவோ இடமாகவோ இருக்க வேண்டும். 'ஆச்சு', 'ஆய்த்து', 'ஓகே', 'சரி' கூடாது. 'கன்சோல் முன்னால் நிற்கிறேன்' என்று சொல்ல வேண்டும். இன்றைக்கும் கன்சோல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது, தினமும் படித்துக் கேலி செய்கிறீர்கள், எனக்குத் தெரியும். அது அங்கே வந்த கதை இதுதான். பதினான்கு வரியையும் நானே டைப் அடித்து நானே ஒட்டினேன். அவர் வேறு தண்டனை எதுவும் கொடுக்கவில்லை. ஓய்வு பெறும் நாள் வரை என்னோடு மரியாதையாகவே பேசினார். ஆனால் அதற்குப் பிறகு தன் ஃபிளாஸ்கிலிருந்து எனக்குக் காபி ஊற்றியதில்லை.

இப்படிப்பட்ட நான்தான் விண்கலத்தில் உட்கார்ந்து 'நம்பும்படி இல்லை' என்று குறி போட்டுக்கொண்டிருந்தேன். எட்டாவது பாகத்தின் காட்சிகளைப் படிக்க உட்கார்ந்தபோது யாமினி ஒரு பக்கத்தை எடுத்துத் தனியாக வைத்தாள்.

"இது வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம் மேடம். நீங்க 'இல்லை'ல ஒரு டிக் போட்டுட்டா முடிஞ்சுது."

என்ன காட்சி என்று வாங்கிப் பார்த்தேன். மூலக்கதையில் உள்ளதுதான். கதவு விபத்துக்குப் பிறகு கலத்தின் தலைவர் விசாரிக்கிறார். மெக்கானிக்கின் பேரில்தான் தவறு என்று எல்லோரும் சொல்கிறார்கள். கட்டுப்பாட்டு அறைப் பெண் எழுந்து, 'தவறு என்னுடையது, நான் அவரைப் பார்க்கவில்லை' என்கிறாள். வேலையை இழக்கிறாள்.

"ஏன் வேண்டாம்?" என்றேன்.

"நம்பற மாதிரியே இல்லையே மேடம். யாருக்கும் தெரியாது, கேமராவும் இல்ல, சாட்சியும் இல்ல. வேலை போயிடும்னு தெரிஞ்சும் யாராவது எழுந்து நின்னு ஒத்துப்பாங்களா? அந்தக் காலத்துக் கதை, அதான் இப்படி எழுதிட்டார்."

"தூரமடிப்பானை நம்புறீங்க. வானத்தை மடிக்கிறதை நம்புறீங்க. ஒரு பொம்பளை உண்மை சொல்றதை நம்ப முடியலையா?" கோபத்தில் கத்திவிட்டேன்.

யாமினி பயந்துவிட்டாள். "மேடம், உங்களுக்கு அந்த மாதிரி யாரையாவது தெரியுமா? தெரிஞ்சா சொல்லுங்க, வெச்சுக்கலாம்."

பேனா கையில் இருந்தது. இரண்டு கட்டமும் எதிரே இருந்தன. "தெரியாது" என்றேன். "எனக்குத் தெரிஞ்சவ ஒருத்தி ஒத்துக்கல."

"அப்ப நாங்க சொல்றதுதானே சரி மேடம்?" என்றாள் அந்தப் பெண். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள்.

எந்தக் கட்டத்திலும் குறி போடாமல் பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்தேன். அந்தக் காட்சியை வெட்டிவிட்டார்கள். நீங்கள் பார்த்த சீரியலில் மெக்கானிக் ஆஸ்பத்திரிப் படுக்கையில் சிரித்துக்கொண்டு, தப்பு தன்னுடையதுதான் என்று அவளிடம் மன்னிப்புக் கேட்கிறார். அதை எல்லோரும் நம்பிவிட்டீர்கள். குழுவில் ஒருவர்கூட அதைப் பற்றிக் கேட்கவில்லை.

மஞ்சுநாத் ஹெப்பகோடியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டில் செக்யூரிட்டியாக இருக்கிறார் என்பது எனக்குப் பல வருடமாகத் தெரியும். கம்பெனி பஸ் அந்த வழியாகத்தான் போகும். அந்த இடம் வரும்போது நான் கைப்பையில் எதையாவது தேடுவேன். அன்று ஷெட்டிலிருந்து வெளியே வந்து மெட்ரோவுக்குப் போகாமல் நேராக ஆட்டோ பிடித்து அங்கே இறங்கினேன். மத்தியான வெயில். நீலச் சட்டையில் நாற்காலியில் உட்கார்ந்து வண்டி எண்களை எழுதிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"மேடம்! சென்னாகிதீரா, நல்லா இருக்கீங்களா? இந்தப் பக்கம் வாங்க, அந்தக் காது கேக்காது."

வலப்பக்கம் போய் நின்றேன். நலம் விசாரிக்க நான் வரவில்லை, அதனால் நேராகச் சொல்லிவிட்டேன். "மஞ்சு, அன்னைக்கு விசாரணையில நிழல் பாத்தேன்னு சொன்னேனே, அது பொய். நான் யாரையும் பாக்கல. நீங்க சொன்ன வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம்னும் எனக்குத் தெரியும். தப்பு பூராவும் என்னுது."

அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். ஒரு ஸ்கூட்டர் வந்தது. கேட்டைத் திறந்துவிட்டு, மூடிவிட்டு வந்தார்.

"கொத்து மேடம், தெரியும்" என்றார். "எனக்குத் தெரிஞ்சதுதானே. நான் ரேக்குக்குப் பின்னாடி குந்திட்டிருந்தேன், என் நிழல் எப்படி வெளிய வரும்? அன்னைக்கே தெரியும்."

"அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லல?"

"சொன்னேனே மேடம். மூணு பேர் முன்னாடி சொன்னேன். எழுதிக்கலையே." குரலில் கோபம் இருந்தது, நியாயமான கோபம். "இப்ப எங்கிட்ட வந்து சொல்றீங்க. தெரிஞ்சவன்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? எங்க வீட்டுல தெரியாது. என் பெண்டாட்டி இன்னைக்கு வரைக்கும் நான்தான் கவனமில்லாம எதையோ உளறி பெர்மனென்ட் வேலையைக் கெடுத்துக்கிட்டேன்னு நினைக்கிறா. பெரிய கம்பெனியில விசாரிச்சு எழுதினது பொய்யா இருக்குமா, உன் வாய்தான் பொய்ன்னு அவ அண்ணனுங்க கேட்டாங்க. மக கல்யாணத்துல கூட அந்தப் பேச்சு வந்துச்சு. அங்க வந்து சொல்லுங்க."

"வரேன்" என்றேன்.

"எப்ப?"

"இப்பவே."

"ரெண்டு மணிக்கு டூட்டி மாத்த ஆள் வரும். உக்காருங்க" என்று தன் நாற்காலியை எனக்குப் போட்டுவிட்டு நின்றார். நான் வேண்டாம் என்றேன், அவர் கேட்கவில்லை. முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். வண்டிகள் வந்தன, போயின, அவர் நின்றபடியே எழுதினார்.

வீடு இரண்டு தெரு தள்ளி, மாடியில். அவர் மனைவி வாசலில் நின்று என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "யாரு இது?" என்றார்.

"கம்பெனி மேடம். உன்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்" என்றார் மஞ்சுநாத். சொல்லிவிட்டு, நல்ல காது என் பக்கம் இருக்கும்படி திரும்பி நின்றார்.

அந்த அம்மா உள்ளே வரச் சொன்னார், உட்காரச் சொன்னார், தண்ணீர் கொண்டுவரத் திரும்பினார். உட்கார்ந்தால் பேச்சு வேறு எங்கோ போய்விடும் என்று எனக்குத் தெரியும். நான் வாசற்படியிலேயே நின்றுகொண்டு, "அன்னைக்கு உங்க வீட்டுக்காரர் சரியாத்தாம்மா சொன்னார்" என்றேன். "பொய் சொன்னவ நான்."